மாமா நாயைக் கட்டி வைத்த ஆறு கிழமை

“ஏன் பிள்ளை உப்பிடி ஆலாய்ப் பறக்கிறாய்?”

அம்மா இருந்தவரை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்காமல் விட்டதில்லை. விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சைக்கிளை உழக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடி, இரவு வந்து கணக்குக் கொப்பியைத் திறக்கும்போது வாசற்படியில் இருந்து சொல்வார். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் தெரியாதவர்கள் குறைவு. காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான், பதவிக்கு ஆலாய்ப் பறக்கிறான் என்போம். ஆசை அடங்காமல் அலைகிற ஆட்களுக்குச் சொல்வது. ஆலா என்று கடலில் ஒரு பறவை இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு சொல்கிறவர்கள் எத்தனை பேரோ தெரியாது. அம்மா நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அவர் நெடுந்தீவில் பிறந்தவர்.

இந்த ஆனி மாதம் அந்த ஆலாவைப் பார்ப்பதற்கென்றே நெடுந்தீவுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தேன். குதிரை, பழைய கோட்டை, பெருக்க மரம், வளரும் கல் எல்லாம் பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள், படமும் போட்டுவிட்டார்கள். அவை எல்லாம் வடிவுதான். நான் சொல்லப்போவது கரையில் மணலோடு மணலாகக் கிடக்கிற ஒன்றைப் பற்றி.

கூட்டிக்கொண்டு போனது என் பெறாமகன். தங்கச்சியின் மூத்தவன். இருபத்திரண்டு வயது. படிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கமராவைத் தூக்கிக்கொண்டு அராலி, சரசாலை, மண்டைதீவு என்று பறவை பார்த்துத் திரிகிறவன். “பெரியம்மா, வைகாசி, ஆனி, ஆடியிலதான் ஆலா முட்டையிடும். சோளகக் காற்றுக்குப் பயந்து இருந்தீங்கள் எண்டால் ஒரு நாளும் பாக்க ஏலாது” என்றான். சோளகம் என்பது அந்த மாதங்களில் அடிக்கிற தென்மேற்குக் காற்று. கடைக்கு இரண்டு நாள் லீவு சொன்னேன். பதினேழு வருடத்தில் கலியாணவீடு, செத்தவீடு தவிர்த்து நான் எடுத்த முதல் லீவு அது.

விடியக் காலை குறிகட்டுவான் பஸ். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நீர். வேலணை, பிறகு வாணர் தாம்போதி, புங்குடுதீவு. நயினாதீவு அம்மனுக்குத் திருவிழாக் காலம் என்றபடியால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பட்டுச்சேலைகளும் அர்ச்சனைத் தட்டுகளும் நெருக்க, என் மடியில் பெறாமகனின் முக்காலி. குறிகட்டுவானில் இறங்கிய சனமெல்லாம் நயினாதீவுப் படகுப் பக்கம் போய்விட, எங்கள் பக்கம் நெடுந்தீவார் மட்டும் நின்றோம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி. வடதாரகைப் படகு புறப்பட்டது.

ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் தூக்கிப் போட்டது. நான் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பெறாமகன் தோளில் தட்டி, “பெரியம்மா, அந்தத் தடியைப் பாருங்கோ” என்றான். கரைக்கடலில் மீன்பிடிக்கு நட்டிருந்த தடிகளில், தடிக்கு ஒன்றாக வெள்ளைப் பறவைகள். மஞ்சள் சொண்டு, தலையின் பின்பக்கம் எண்ணெய் வைக்காத தலைமயிர் போல் கறுப்பாகச் சிலிர்த்த கொண்டை. எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்தபடி ஒரே திசையைப் பார்த்து இருந்தன. அது கொண்டை ஆலாவாம். ஒன்று எழும்பிக் கடலுக்கு மேல் நின்றது. தலையை மட்டும் கீழே குனிந்து பார்த்தது. பிறகு கல் விழுந்தது போல் தண்ணீருக்குள் விழுந்து, எழும்பும்போது சொண்டில் மீன் மினுங்கியது.

இதே கடலை நான் பத்து வயதுவரை ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் தாண்டியிருக்கிறேன். அப்போது குமுதினிப் படகு. 1985 மே 15 ஆம் திகதி நடுக்கடலில் அந்தப் படகில் வந்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளும் அதற்குள். அதற்குப் பிறகு அம்மா எங்களை அனுப்பவில்லை. தானும் போகவில்லை. மாவிலித்துறையில் இறங்கியதும் அங்குள்ள நினைவிடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றோம். பெறாமகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாமாவின் வீடு மேற்குப் பக்கம். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. எழுபத்து நாலு வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போன உடம்பு, இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது. ஒழுங்கை முழுக்க முருகைக்கல் மதில். சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியது, இடுக்கால் காற்று ஊளையிடும். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அம்மம்மாவின் சேலை வாசம் வந்துவிட்டது. மாமி ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். கூழைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஆலாவை விட்டுவிடுவேன், ஆகையால் வேண்டாம்.

பின்னேரம் மாமாவிடம் ஆலாவைப் பற்றிக் கேட்டேன். “ஆலாவோ? அது எங்கடை றேடார் அல்லோ” என்றார். கரையில் நின்று பார்க்கும்போது ஆலா ஓரிடத்தில் கூட்டமாகக் குத்தினால் கீழே சூடையோ நெத்தலியோ இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு பெரிய மீனும் இருக்கும். உயரத்தில் பறந்தால் மீன் ஆழத்தில், தண்ணீரோடு ஒட்டிப் பறந்தால் மீன் மேலே என்பது அவர் கணக்கு. மாரியில் வருகிற கடற்காகம் இதற்கு உதவாது, அது படகுக்குப் பின்னால் வந்து கழிவைத் தின்னும், என்றார். அந்தக் கடற்காகங்களில் தலை மண்ணிறமான இனம் திபெத்து மேட்டுநிலத்து ஏரிக்கரைகள் போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது என்று பெறாமகன் சொன்னான். மாமா அதை நம்பாதவர் போல் பார்த்தார். பிறகு, “எங்கடை சனமும் அப்பிடித்தானே, எங்கையெல்லாமோ போய் இருக்கினம்” என்றார்.

மறுநாள் ஐந்தரைக்குக் கரைக்குப் போனோம். மாமா, பெறாமகன், நான். மாமாவின் நாய் வீமன் முன்னால் ஓடியது. மண்ணிறம், ஒரு காது மடிந்தது. மாடுகளும் குதிரைகளும் மேயும் வெளியைத் தாண்டினால் சிப்பியும் முருகைத் துண்டும் கலந்த ஒரு மேட்டு மணல். அதற்குக் கிட்ட வர முன்னமே தலைக்கு மேல் “கிறிக், கிறிக்” என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு, பிறகு பத்து. சின்னச் சின்ன வெள்ளைப் பறவைகள், தலையில் கறுத்தத் தொப்பி, நெற்றியில் மட்டும் வெள்ளை, மஞ்சள் சொண்டின் நுனியில் மை தொட்டது போல் கறுப்பு. ஒன்று என் தலைமயிரில் செட்டை படுகிற அளவுக்கு இறங்கி வந்து போனது. மாமாவின் தோளில் எச்சம் விழுந்தது.

“நில்லுங்கோ!” பெறாமகன் கத்தினான். “ஒருத்தரும் அசையாதேங்கோ. தாத்தா, நாயைப் பிடியுங்கோ.”

மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீமனைக் கழுத்தோடு பிடித்தார். நான் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பெறாமகன் கைவிரலால் காட்டினான். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, மணலில் உள்ளங்கை அளவு குழி. புல் இல்லை, சுள்ளி இல்லை, இறகு இல்லை. இரண்டு முட்டை. மணல் நிறத்தில், கபிலப் புள்ளி தெளித்து. அவன் காட்டிய பிறகும் ஒரு தடவை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்க, முட்டை காணாமல் போய்விட்டது. அதே இடத்தில்தான் இருந்தது. என் கண்தான் அதைச் சிப்பி என்று நினைத்துத் தாண்டிவிட்டது.

வந்த அடிச்சுவட்டிலேயே கால் வைத்துப் பின்னால் வந்தோம். கரையில் கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் போய்க் குந்தினோம். மாமா வீமனை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சத்தம் அடங்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. ஒவ்வொன்றாக இறங்கித் தன் தன் குழியில் இருந்தன. தொலைநோக்கியில் எண்ணியபோது ஒன்பது கூடு.

சின்ன ஆலா என்பது அதன் பேர். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. நிறை ஐம்பது கிராம் அளவில். எங்கள் கடையில் விற்கிற சின்னச் சவர்க்காரக் கட்டி அளவு. அவ்வளவு நிறையுள்ள ஒன்றுதான் மூன்று மனிதரையும் ஒரு நாயையும் துரத்தியது.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியது. வள்ளத்தின் நிழலில் இருந்தும் எங்களுக்கு வியர்த்தது. மணலில் வெறுங்கை வைக்க முடியாது. அப்போதுதான் நான் இந்தப் பயணத்தில் மறக்க முடியாத ஒன்றைக் கண்டேன். கிட்டத்தில் இருந்த கூட்டில் முட்டைக்கு மேல் இருந்த ஆலா எழும்பிக் கடலுக்குப் போனது. மீன் பிடிக்கத்தான் போகிறது என்று நினைத்தேன். அது குத்தவில்லை. தண்ணீரோடு தண்ணீராகத் தாழப் பறந்து, வயிற்றை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை நனைத்தது. திரும்பி வந்து குழியின் ஓரத்தில் நின்று, நெஞ்சு மயிரைக் கோதி விரித்து, ஈர வயிற்றோடு முட்டைக்கு மேல் இருந்தது. தொலைநோக்கியில் துளி சொட்டுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போனது. திரும்பவும் நனைத்து வந்தது.

“சூடு குடுக்க இல்லை பெரியம்மா, குளிர் குடுக்குது” என்றான் பெறாமகன் மெதுவாக.

அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் படித்தோம். கோழி அப்படித்தான். ஆனால் மரம் செடி ஒன்றும் இல்லாத இந்த மணலில், உச்சி வெயில் நேராக விழுந்தால் முட்டைக்குள் இருக்கிற குஞ்சு வெந்துபோகும். பறவை இருப்பது முதலாவதாக நிழலுக்கு. மரத்தில் கூடு கட்டாமல் ஏன் இந்த நெருப்பில் முட்டையிடுகிறது என்று கேட்டேன். நாலு பக்கமும் வெளி என்றால் நாயோ உடும்போ காகமோ தூரத்தில் வரும்போதே கண்டுவிடலாம், முட்டையின் நிறமே அதற்கு மறைவு, மீன் இருக்கிற கடல் பக்கத்திலேயே, என்றான். அந்த ஏற்பாட்டில் ஒரேயொரு ஓட்டை நாங்கள்தான். கடற்கரைக்கு வருகிற மனிதர் அரை மணித்தியாலம் நின்று படம் எடுத்தால், அந்த அரை மணித்தியாலமும் ஒன்பது கூடும் வெயிலில் கிடக்கும். ஒரு முட்டையைக்கூட மிதிக்காமல் எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் போகலாம்.

நான் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு 1984 ஞாபகம் வந்துவிட்டது.

ஓகஸ்ட் விடுமுறை. மச்சாள்மாரோடு சோகி பொறுக்கப் போன இடத்தில் இரண்டு முட்டை கண்டேன். பாவாடை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியான நேரம். அம்மம்மா மடியைப் பார்த்தார். அடிக்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். “எங்கை எடுத்தனி? காட்டு” என்றார். எனக்கு இடம் தெரியவில்லை. எல்லா மணலும் ஒரே மணலாக இருந்தது. தலைக்கு மேல் பறவைகள் கத்தின. கடைசியில் அம்மம்மா தன் குதிக்காலால் ஒரு குழி செய்து அதில் முட்டைகளை வைத்தார். மறுநாள் விடிய நான் தனியாக ஓடிப்போய்ப் பார்த்தேன். முட்டைகள் அப்படியே இருந்தன. எறும்பு மொய்த்திருந்தது. ஆலா தான் குழித்த இடத்துக்குத்தான் திரும்பி வரும், நாங்கள் வைத்த இடத்துக்கு வராது. இது எனக்குத் தெரிய நாற்பது வருடம் ஆனது. அடுத்த வைகாசியில் குமுதினி. அந்தக் கரைக்கு நான் போன கடைசி விடுமுறை அதுதான்.

இதை மாமாவுக்கும் பெறாமகனுக்கும் அந்த வள்ளத்துக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. மாமா கனநேரம் கடலைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் நாளைக்கு உதைச் சுத்தி அலம்பல் போட்டு அடைச்சு விடட்டோ?” என்றார். மாடு, குதிரை, நாய் எதுவும் போகாமல் வளைத்து முள் வேலி.

பெறாமகன் தலையாட்டினான். “வேண்டாம் தாத்தா. வேலி போட்டால் அதில காகம் வந்து இருக்கும். காகத்துக்கு நீங்கள் கதிரை போட்டுக் குடுத்த மாதிரி. பிறகு, என்ன இருக்கு எண்டு பாக்கச் சின்னப் பெடியளும் வருவினம்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“நாயைக் கட்டுங்கோ.”

வீமன் பிறந்ததில் இருந்து கட்டப்படாத நாய். முழுத் தீவும் அதன் வளவு. விடியப்புறம் கரைக்குப் போய் ஒரு சுற்று ஓடிவிட்டு வருவதுதான் அதன் வேலை. எத்தனை நாளைக்கு என்று மாமா கேட்டார். முட்டை பொரிக்க மூன்று கிழமை, குஞ்சு பறக்க இன்னும் மூன்று கிழமை என்றான். “ஆறு கிழமையோ!” என்றார் மாமா. வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வலைக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, வீமனைப் பூவரச மரத்தில் கட்டினார். அது எங்களைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் இதை வாசித்தால் என் வேண்டுகோள் இது. வைகாசி முதல் ஆவணி வரை கரையில் நடப்பதென்றால் அலை நனைத்த ஈர மணலில் நடவுங்கள், முட்டை இருப்பது அதற்கு மேல் உள்ள காய்ந்த மேட்டில். தலைக்கு மேல் வெள்ளைப் பறவை சுற்றிக் கத்தினால் அது உங்களை வரவேற்கவில்லை. நின்று, வந்த காலடியிலேயே திரும்புங்கள். ட்ரோன் அனுப்ப வேண்டாம். சோற்றுப் பார்சலைக் கரையில் எறிய வேண்டாம், அதற்கு வருகிற காகம் முட்டைக்கும் போகும். எங்கே கூடு இருக்கிறது என்று நான் இங்கே இடம் குறிப்பிடாததும் அதற்காகத்தான். 2015 இல் நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதே வருடம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் உள்ள மணல் தீடைகளையும் ஆக்கினார்கள். அந்தத் தீடைகளிலும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. ஆனால் பறவைக்குப் பூங்காவின் எல்லை எது என்று தெரியாது. மாமாவின் நாய் ஓடுகிற மணலில்தான் அது இட்டிருந்தது.

யாழ்ப்பாணம் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமாவுக்குக் கோல் எடுத்தேன். முதல் கிழமை, “ஒரு பிரச்சினையும் இல்லை, நாய்தான் சாப்பிடுதில்லை” என்றார். இரண்டாம் கிழமை குரல் இறங்கியிருந்தது. சோளகம் பெலத்து அடித்து, வெள்ளம் மேட்டுக்கு ஏறி, கடல் பக்கம் இருந்த நாலு கூட்டைக் கொண்டுபோய்விட்டது. “கடல் எடுத்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது பிள்ளை” என்றார். நான் அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. மூன்றாம் கிழமை அவரே எனக்கு எடுத்தார். வள்ளத்துக்குப் பின்னால் இருந்து பார்த்தாராம். தாய் ஒரு விரலளவு மீனோடு வந்து இறங்க, மணல் எழும்பி ஓடினதாம். “மணல்தான் ஓடுது எண்டு நினைச்சன். குஞ்சு!” என்று சிரித்தார். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்கும் மேட்டுக்கும் போய் வந்துகொண்டே இருக்கின்றனவாம். விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை ஓய்வில்லை என்றார். “கொம்மா சொல்லுறவ எல்லோ ஆலாய்ப் பறக்கிறது எண்டு. உதுதான் அது.”

நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அம்மா என்னைத் திட்டினார் என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

நாலாம், ஐந்தாம் கிழமைகளில் பெரிதாகச் செய்தி இல்லை. குஞ்சுகள் மேட்டை விட்டுச் செடிப் பக்கம் ஒதுங்கிவிட்டன, எண்ண முடியவில்லை என்றார். வீமன் கயிற்றைக் கடித்து அறுத்ததாம், மாமி பிடித்து வந்து சங்கிலி போட்டாராம். போன ஞாயிறு நான் எடுக்கும் முன்னமே மாமாவின் கோல் வந்தது. பின்னால் காற்றுச் சத்தமும் நாய் குரைக்கிற சத்தமும் கேட்டன. கரையில் நின்று கதைக்கிறார் என்று விளங்கியது.

“அஞ்சு குஞ்சு பறந்ததை என்ரை கண்ணால கண்டன் பிள்ளை. இண்டைக்கு விடிய நாயை அவிட்டு விட்டுட்டன்.”